ஊட்டிக் குளிருக்கு வீட்டை அடுக்குவது எப்படி: தரையிலிருந்து தொடங்குங்கள்

மார்கழி பிறந்தால் ஊட்டியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் விடிகாலையில் புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். ஆனால் இங்கே பல வீடுகள் சமவெளி வீடுகளைப் போலத்தான் கட்டப்பட்டிருக்கின்றன: சிமெண்ட் தரை, ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், அடியில் அரை அங்குலம் இடைவெளி விட்ட கதவு. கோத்தகிரி, கொடைக்கானல், ஏற்காடு என்று எந்த மலை வீட்டுக்கும் கீழே சொல்வது பொருந்தும்.

கம்பளி தானாகச் சூடு தராது. இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கிற காற்றுதான் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் தடுக்கிறது. அந்தக் காற்றை இரண்டு விஷயங்கள் கெடுக்கும்: மேலே ஏற்றும் கனம், உள்ளே இறங்கும் ஈரம். எந்தத் துணியை எதற்கு மேல் போடுவது என்பதை இந்த இரண்டையும் வைத்தே முடிவு செய்யலாம்.

கடைக்குப் போவதற்கு முன் தரையில் ஓதம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் தாள் ஒன்றைத் தரையில் விரித்து, நான்கு ஓரத்தையும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளின் அடிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது. அப்படிப்பட்ட அறையில் எந்த விரிப்பையும் நிரந்தரமாகப் போட்டு வைக்கக் கூடாது. மாலையில் விரித்து, காலையில் சுருட்டிச் சுவரோரம் நிமிர்த்தி வையுங்கள். கோரைப்பாய் இந்த ஈரத்தில் சீக்கிரமே பூசணம் பிடிக்கும். சுவரோடு சுவராக ஒட்டும் கார்பெட் அதைவிட மோசம். வாடை வந்த பிறகுதான் தெரியும், அப்போது பிய்த்து எறிவதைத் தவிர வழியிருக்காது.

தரை காய்ந்திருந்தால் மூன்று அடுக்கு. அடியில் 8 அல்லது 10 மில்லிமீட்டர் ஃபோம் விரிப்பு. பழைய யோகா மேட்டுகள் இரண்டைச் சேர்த்துப் போட்டாலும் போதும். அதன்மேல் பவானி ஜமுக்காளம். கனமான பருத்தி நெசவு என்பதால் சுருளாமல் படுத்துக் கிடக்கும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் அழுக்கானால் புரட்டிப் போடலாம். சோபாவுக்கு முன்னால் 6×9 அடி வேண்டும், சோபாவின் முன்கால்கள் அதன்மேல் ஏறி நிற்கட்டும். மூன்றாவது அடுக்கு சிறியது: பாதம் படுகிற இடத்தில் மட்டும் 2×3 அடி கம்பளி விரிப்பு. கட்டிலை விட்டு இறங்கும் இடம், சமையல் மேடை முன்பு, படிக்கிற நாற்காலிக்குக் கீழே. சில்லென்ற தரையில் கால் வைக்கும்போது தோன்றுகிற குளிர்தான் அறை முழுக்கக் குளிர்கிறது என்று நினைக்க வைக்கும். விரிப்பு வாங்கும்போது கதவடி இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். தடித்த கார்பெட்டில் கதவு முட்டி நிற்பது வழக்கமாக நடக்கிற கூத்து. வழுவழு சிவப்புத் தரையானால் அடியில் ரப்பர் வலை கட்டாயம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அந்தச் சின்ன விரிப்பின் ஓரத்தைத் தைத்துக் கீழ் விரிப்போடு சேர்த்துவிடுங்கள்.

கதவடிக்கு ஒரு பாம்புத் தலையணை. பழைய ஜீன்ஸ் கால் இரண்டை நீளவாக்கில் இணைத்து, உள்ளே கந்தல் துணி திணித்து, நடுநடுவே மொத்தம் ஒரு கிலோ மணலைச் சிறு பைகளில் கட்டி வைத்தால் நகராது.

ஜன்னல் கண்ணாடியைத் தொட்டுக் குளிர்ந்த காற்று கனத்துக் கீழே இறங்கும். ஜன்னல் சட்டத்தோடு முடிகிற குட்டைத் திரை அந்தக் காற்றை நேராக உங்கள் முதுகில் கொட்டும். ஆகவே திரை தரைக்கு ஓரங்குலம் மேலே வரை தொங்க வேண்டும், உள்ளே ஒரு லைனிங் துணியும் வேண்டும். நாலடி ஜன்னல் என்றால் பக்கத்துக்கு அரை அடி சேர்த்து ஐந்தடிக் கம்பி. துணி அகலம் அதைப்போல் இரண்டு மடங்கு, பத்தடி. நாலடி அகலத் திரை மூன்று வாங்கினால் மடிப்பு சரியாக விழும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் தெற்கு ஜன்னலில் வெயில் நன்றாக உள்ளே வரும். காலை 10 முதல் 3 மணி வரை அந்தத் திரையை முழுக்க ஒதுக்கி, வெயில் இறங்கியதும் மூடுங்கள். காலையில் கண்ணாடியில் கோத்திருக்கும் நீரைத் துடைக்காமல் விட்டால் திரையின் ஓரம் கருப்புப் புள்ளி விழும்.

உட்காருகிற இடத்தில் கண்ணுக்கும் கதகதப்பு வேண்டும். சொரசொரப்பு, வழவழப்பு, பொசுபொசுப்பு, மூன்றும் ஒரே இடத்தில் இருக்கட்டும்: பிரம்பு நாற்காலி, பருத்தி உறை போட்ட திண்டு, முதுகில் மடித்துப் போட்ட ஒரு கம்பளிச் சால்வை. எல்லாமே பொசுபொசுவென்று ரோமத் துணியாக வாங்கினால் பொம்மைக் கடை மாதிரி இருக்கும், தூசியும் அதிகம். நிறத்தில் ஒன்றை மட்டும் எல்லாத் துணியிலும் தொடரவிடுங்கள். வெள்ளையில் சிவப்பும் கருப்புமாகத் தோடர் பெண்கள் கையால் பூத்தையல் போட்ட துணி ஒன்று இருந்தால் அதுவே போதும், சுற்றிலும் வேறு கோலம் வேண்டாம். குழல் விளக்கை அணைத்து, 2700 கெல்வின் என்று அட்டையில் போட்ட மஞ்சள் பல்பைக் கண் மட்டத்துக்குக் கீழே வையுங்கள்.

படுக்கையில்தான் பலரும் வரிசையைத் தப்பாகப் போடுகிறார்கள். கீழிருந்து மேல் இப்படி:

1. மெத்தைமேல் ஒரு பழைய கம்பளி. உடம்பின் கனத்தில் மெத்தை அமுங்கிப்போவதால் சூடு கீழ்ப்பக்கமாகவும் போகும். மேலே எத்தனை போர்த்தினாலும் இடுப்பு குளிர்வது இதனால்தான்.
2. தடித்த பருத்தி விரிப்பு, சென்னிமலைப் பெட்ஷீட் போல. ஃப்ளானல் என்கிற பொசுபொசுப்பான துணி கிடைத்தால் இன்னும் நல்லது, தொட்டதும் சில்லிடாது.
3. உடம்பை ஒட்டி ஒரு மெல்லிய பருத்திப் போர்வை. கம்பளி குத்தாது; துவைக்கவும் இது ஒன்றுதான்.
4. இலேசான, உப்பலான ரஜாய், அதாவது உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த போர்வை.
5. எல்லாவற்றுக்கும் மேல் நெருக்க நெசவுள்ள, கனமில்லாத கம்பளி. காற்று புகாமல் காக்கும்.

நாலு கிலோ கம்பளியை ரஜாய்மேல் ஏற்றினால் ரஜாய் நசுங்கிச் சப்பையாகிவிடும். கனம் கூடும், சூடு குறையும். மினுமினு பாலியஸ்டர் போர்வை முதல் பத்து நிமிடம் சுகம். வேர்வையை உறிஞ்சாததால் நள்ளிரவில் உள்ளே பிசுபிசுத்து, விடியலில் அதுவே குளிரும். ஐந்தடிக் கட்டிலுக்கு போர்வை ஏழரை அடி அகலமாவது வேண்டும். இரண்டு பேர் இழுபறி செய்வதானால் ஆளுக்கொரு ஒற்றை ரஜாய் வாங்குவதே நிம்மதி. கட்டிலை வெளிச்சுவரை விட்டு அரை அடி தள்ளிப் போடுங்கள். வெந்நீர்ப் பையில் கொதிக்கிற நீர் வேண்டாம். மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, காற்றை அமுக்கி வெளியேற்றி, துணி சுற்றிப் படுப்பதற்கு 20 நிமிடம் முன் கால்மாட்டில் வையுங்கள். குழந்தைகள், சர்க்கரை நோயாளிகள் படுக்கும்போது எடுத்துவிட வேண்டும், சூடு பட்டுக் கொப்பளித்தாலும் பாதம் மரத்தவர்களுக்குத் தெரியாது.

கரிக்கங்குச் சட்டியை மூடிய அறைக்குள் ஒரு நாளும் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாடையோ கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். 2000 வாட் ஹீட்டர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக்கில் மட்டும் மாட்டி, திரையும் போர்வையும் மூன்றடிக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் வெயிலில் போட வேண்டும். ரஜாயைப் பக்கத்துக்கு இரண்டு மணி நேரம் காய வைத்து, உள்ளங்கையால் தட்டிப் பஞ்சைப் பரப்புங்கள். பிரம்பால் அடித்தால் பஞ்சு கட்டி கட்டியாக ஓரத்தில் ஒதுங்கும். மதியம் 3 மணிக்கு எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். அதற்குமேல் கொடியில் கிடந்தால் பனி இறங்கிவிடும், காலையிலிருந்து காய்ந்ததெல்லாம் வீண்.