மனையில் எவ்வளவு கட்டலாம்? மண்டல விதிகளைப் படிக்கும் முறை

வீட்டுக்கு வரைபடம் போடுவதற்கு முன் இன்னொரு படம் போட வேண்டும். மனையில் எந்தக் கோடு வரை சுவர் வரலாம், எந்த உயரம் வரை எழுப்பலாம் என்று காட்டும் வெற்றுக் கட்டம் அது. இதைப் போடாமல் அறைகளைப் பிரிக்க ஆரம்பித்தால், அனுமதிக்குப் போகும்போது பின்பக்கம் ஒரு மீட்டரைக் குறைக்கச் சொல்வார்கள். அதனால் மாடிப்படி இடம் மாறும், தூண்கள் நகரும், கம்பிக் கணக்கை மறுபடி முதலிலிருந்து போட வேண்டிவரும்.

முதலில் நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் உங்கள் மனையின் எண்ணைத் தேடி, அது எந்த மண்டலத்தில் வருகிறது என்று பாருங்கள். 'குடியிருப்பு' என்று இருந்தாலே போதும் என்று விட்டுவிடாதீர்கள். குடியிருப்புக்குள்ளேயே ஒரு குடும்ப வீடு, பல குடும்ப வீடு என்று பிரிவுகள் உண்டு. மாடியில் பெற்றோருக்குத் தனிச் சமையலறை வைத்தால், பல விதிமுறைகளில் அது இரண்டாவது குடியிருப்பாகக் கணக்காகிவிடும். அப்போது கார் நிறுத்தும் இடமும் கூடுதலாகக் காட்ட வேண்டியிருக்கும். ஒரே குடும்பம்தானே என்று சொன்னால் எடுபடாது; அலுவலர் பார்ப்பது படத்தில் எத்தனை சமையலறை, எத்தனை தனி வாசல் என்பதைத்தான்.

மண்டலம் சரியாக இருந்தாலும் அதன் மேல் வேறு கட்டுப்பாடுகள் படிந்திருக்கலாம். வெள்ளப் பகுதி, நீர்நிலைக் கரை, விமானநிலையச் சுற்று, உயர் அழுத்த மின்பாதை, பாரம்பரியப் பகுதி ஆகியவற்றைப் பெரும்பாலும் தனி வரைபடங்களில்தான் காட்டியிருப்பார்கள். ஒவ்வொன்றையும் தனியாகக் கேட்டு வாங்குங்கள். பத்திரத்தில் வழிநடை உரிமை, குழாய் செல்லும் உரிமை என்று ஏதாவது எழுதியிருந்தால் அந்த இடத்தையும் கட்டத்திலிருந்து கழித்துவிடுங்கள். லேஅவுட் போட்டவர்கள் விற்கும்போது எழுதிவைத்த நிபந்தனைகள் அரசு விதியைவிடக் கடுமையாக இருப்பதும் உண்டு.

அடுத்தது எண்கள். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன, ஏனென்றால் ஒவ்வொரு விதியையும் தனியாகப் பார்த்தால் வீடு பெரிதாகவே தெரியும். விதிகள் ஊருக்கு ஊர் மாறும் என்பதால், ஒரு கற்பனை மனையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மனை 12 மீட்டர் அகலம், 18 மீட்டர் ஆழம், ஆக 216 சதுர மீட்டர். தளப்பரப்புக் குறியீடு, அதாவது எஃப்.எஸ்.ஐ., 1.5 என்றால் எல்லா மாடியும் சேர்த்து 324 சதுர மீட்டர் கட்டலாம். பலர் இந்த எண்ணைக் கேட்டதுமே மனைக்கு முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள்.

இப்போது சுற்றிலும் விடவேண்டிய காலியிடத்தை, செட்பேக்கை, கழியுங்கள். முன்னால் 3, பின்னால் 2, பக்கத்துக்கு 1.5 மீட்டர் என்றால் மிஞ்சுவது 9க்கு 13, அதாவது 117 சதுர மீட்டர். ஆனால் மனையில் பாதியைத்தான் கட்டடம் மூடலாம் என்று இன்னொரு விதி இருந்தால் தரைத்தளம் 108க்கு மேல் போகக்கூடாது. அதாவது 9க்கு 12. மூன்று தளம் போட்டால் சரியாக 324 வருகிறதே என்று தோன்றும். உயர வரம்பு 9 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தளத்துக்குத் தளம் 3 மீட்டர், தரையிலிருந்து பேஸ்மட்டம், அதாவது வீட்டின் உள்தரை தொடங்கும் உயரம், 0.6 மீட்டர் என்றால் மூன்றாவது தளத்தின் மேல்மட்டம் 9.6இல் நிற்கும். ஆகவே இரண்டு தளம்தான், 216 சதுர மீட்டர். எஃப்.எஸ்.ஐ. சொன்னதில் மூன்றில் இரண்டு பங்கு.

உயரத்தை எங்கிருந்து அளக்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். சாலை மட்டத்திலிருந்தா, மனையின் சராசரித் தரைமட்டத்திலிருந்தா? முடிவது கூரைத் தளத்திலா, கைப்பிடிச்சுவரின் மேலா, படிக்கட்டு அறையையும் சேர்த்தா? சரிவான மனையில் இந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்து ஒரு தளமே கூடலாம், குறையலாம்.

முன்பக்க அளவில் இன்னொரு கண்ணி இருக்கிறது. சாலையை அகலப்படுத்தும் திட்டம் இருந்தால், செட்பேக்கை இன்றைய சாலை ஓரத்திலிருந்து அளக்காமல் வரப்போகும் ஓரத்திலிருந்து அளப்பார்கள். நம் மனையில் 1.5 மீட்டர் சாலைக்குப் போகிறது என்றால் ஆழம் 16.5 ஆகும், கட்டக்கூடிய இடம் 9க்கு 11.5 ஆகச் சுருங்கும். விட்டுக்கொடுத்த நிலத்தையும் மனைப்பரப்பில் சேர்க்கிறார்களா என்று கேளுங்கள். சேர்க்காவிட்டால் பாதி என்பது 198இல் பாதி, தளத்துக்கு 99 சதுர மீட்டர்தான்.

மூலை மனை பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் இரண்டு சாலைப் பக்கத்தையும் முன்பக்கமாகக் கொள்ளும் விதி பல இடங்களில் உண்டு. இதே 12 மீட்டர் அகலத்தில் ஒரு பக்கம் 1.5க்குப் பதில் 3 விட்டால் வீட்டின் அகலம் 7.5 ஆகிவிடும். முனையில் வண்டி ஓட்டுபவர்களுக்குப் பார்வை மறையாதிருக்க மதில்சுவரையும் தணித்துக் கட்டச் சொல்வார்கள்.

'பக்கத்து வீட்டில் எல்லையை ஒட்டித்தானே சுவர் இருக்கிறது?' என்ற கேள்வி எல்லா இடத்திலும் எழும். அந்த வீடு இந்த விதி வருவதற்கு முன்பே எழுந்திருக்கலாம். பழைய கட்டடம் அப்படியே நிற்கும்வரைதான் பொதுவாக அந்தச் சலுகை. உங்கள் மனையிலும் அப்படி ஒரு பழைய வீடு இருந்தால், இடிப்பதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சுவரில் ஒரு பகுதியை வைத்துக்கொண்டு புதுப்பித்தால் கிடைப்பது, முழுதாக இடித்தபின் கிடைக்காமல் போகலாம்.

விதிவிலக்கு கேட்கலாம். அதற்குக் காரணம் நிலத்தில் இருக்க வேண்டும்: கோணலான வடிவம், செங்குத்துச் சரிவு, நடுவில் ஓடும் ஓடை. இன்னொரு அறை தேவைப்படுகிறது என்பது எவ்வளவு உண்மையாக இருந்தாலும் காரணமாகாது. அதனால் விதிவிலக்கை நம்பி மனை வாங்க வேண்டாம். வாய்மொழிப் பதிலை நம்பியும் வாங்க வேண்டாம். மனை எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கேட்டு, எந்தத் தேதியிட்ட விதிப்படி பதில் வந்தது என்பதையும் சேர்த்து வாங்கிவையுங்கள்.

செட்பேக்குக்குள் எது வரலாம் என்று தனிப் பட்டியல் இருக்கும். சன்ஷேடுக்கு ஓரளவு விடுவார்கள். பால்கனி, வெளிப்படிக்கட்டு, போர்டிகோ, கழிவுநீர்த் தொட்டி ஒவ்வொன்றுக்கும் விதி வேறு. அஸ்திவாரம் சுவரைவிட அகலமானது என்பதால், எல்லையோரம் வரும்போது அதன் விளிம்பு பக்கத்து மனைக்குள் போகாதபடி படத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

மனையில் நூல் பிடிக்கும் நாளில் சர்வேயர் எல்லைக் கற்களைக் காட்டிய பிறகுதான் முளை அடிக்க வேண்டும். பழைய வேலியை எல்லையாக வைத்து அளக்காதீர்கள். 9க்கு 12 கட்டடத்துக்கு இரண்டு மூலைவிட்டமும் 15 மீட்டர் வர வேண்டும், ஒன்று 15.10, மற்றது 14.90 என்றால் மூலை மட்டம், அதாவது செங்கோணம், தவறியிருக்கிறது, ஒரு பக்கம் செட்பேக்குக்குள் நுழையும். காலியிடத்தைப் பூச்சு முடிந்த சுவரிலிருந்து அளந்தால் பூச்சுக்கே ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் போய்விடும். ஆகவே 1.5 மீட்டர் விட வேண்டிய இடத்தில் செங்கல் முகத்துக்கு 1.55 வைத்து நூல் கட்டச் சொல்லுங்கள். தூண் கம்பி நிறுத்தியதும் கான்கிரீட் போடும் முன் எல்லைக் கல்லிலிருந்து இன்னொரு முறை அளந்து பாருங்கள்.