மட்டக்களப்பில் கார் சேர்விஸ்: முகவரிடமா, கிளைக் கராஜிலா?

புதிய கார் என்றால், உத்தரவாதக் காலம் முடியும்வரை முகவர் நிறுவனத்திடமே சேர்விஸ் செய்யுங்கள். 2025இல் வாகன இறக்குமதி மீண்டும் தொடங்கிய பின் வாங்கியவர்கள் உத்தரவாதப் புத்தகத்தை இப்போதே எடுத்துப் படியுங்கள். குறித்த கிலோமீற்றரில் சேர்விஸ் செய்த பதிவு இல்லாவிட்டால் கோரிக்கை நிராகரிக்கப்படலாம்.

ஆனால் நம் வீதிகளில் ஓடுபவற்றில் பல, ஜப்பானில் பாவித்து வந்த அக்குவா, வெகன் ஆர் போன்றவை. அவற்றின் ஒயில், பில்டர், பிரேக் வேலைகளுக்குப் பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் நல்ல கராஜே போதும். இதற்காகக் கொழும்புவரை ஓடுவது பெட்ரோலுக்குக் கேடு.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: ஒயில் கான் உங்கள் கண்முன்னே திறக்கப்பட வேண்டும். சீல் உடையாதிருக்கிறதா, தரக்குறியீடு காரின் கைநூலில் உள்ளதுதானா என்று பாருங்கள். 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஒயிலைக் கேட்கும் எஞ்சினுக்கு, "இந்த வெயிலுக்கு இதுதான் நல்லது" என்று கைநூலில் இல்லாத தடித்த ஒயிலை நீட்டினால் மறுத்துவிடுங்கள். அக்குவாவில் பின் இருக்கையருகே ஹைபிரிட் பட்டரிக்குக் காற்றுப் போகும் வழி இருக்கிறது. அங்கே தூசி அடைத்தால் பட்டரி சூடாகும். கேட்டால்தான் சுத்தம் செய்வார்கள். ஹைபிரிட் எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ எயார்பேக்கில் கோளாறு என்றாலோ முகவரிடம் போங்கள்.

கல்லடி, காத்தான்குடிப் பக்கம் கடற்காற்றில் நிற்கும் கார்களை உயர்த்தும்போது, அடிப்பாகத்தில் துருவையும் பார்க்கச் சொல்லுங்கள். பில்லில் ஒயிலின் பெயரும் தரமும் கிலோமீற்றரும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.