பாதியில் நின்ற நாடகத்தைத் தொடர்ந்து எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து சென்னையில் படப்பிடிப்புகள் நின்றபோது, தொலைக்காட்சிகளில் பழைய நாடகங்களே மறுபடி ஓடின. படப்பிடிப்பு மீண்டும் தொடங்கிய பின்னும் சில நாடகங்கள் திரும்பவேயில்லை. வழக்கின் தீர்ப்பு என்ன, ஓடிப்போன மகன் வந்தானா, எதுவும் தெரியாமல் கதை அறுந்துபோனது. திருகோணமலையில் உவர்மலை, அன்புவழிபுரம், சாம்பல்தீவு என்று பல வீடுகளில் அந்த மனிதர்களோடு ஆண்டுக்கணக்கில் மாலைப் பொழுதைக் கழித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் கதையைத் தாங்களே தொடர்ந்து எழுதத் தொடங்கினார்கள். கொப்பியில் எழுதுகிறவர்களும் உண்டு, கைபேசியில் தட்டுகிறவர்களும் உண்டு. அவற்றைப் படித்துத் திருத்தம் சொல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கிறது. திரும்பத் திரும்பக் கண்ணில் படும் தவறுகளை இங்கே சொல்கிறேன்.

இந்த வேலையைச் சின்னதாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடர் 1966 முதல் 1969 வரை 79 அத்தியாயங்களோடு நிறுத்தப்பட்டது. 1979இல் அது திரைப்படமாக மீண்டு வந்தது. இடைப்பட்ட பத்தாண்டுகள் அந்த உலகம் மறையாமல் இருந்ததற்கு மறு ஒளிபரப்பு ஒரு காரணம். ரசிகர்கள் கூடிய மாநாடுகளும், 1967 முதலே அவர்கள் சொந்தமாக அச்சிட்டுக் கைமாற்றிய கதைச் சஞ்சிகைகளும் அதே அளவுக்குக் காரணம்.

முதல் தவறு கோபத்தில் தொடங்குவது. நாடகத்தை நிறுத்திய தொலைக்காட்சி மீதுள்ள ஆத்திரம் முதல் அத்தியாயத்திலேயே கொட்டப்படுகிறது. வில்லிக்கு லொறி விபத்து, பிரிந்த தம்பதிக்கு உடனே சமரசம், நாலாம் பக்கத்தில் வளைகாப்பு. நாங்கள் ஏங்கியது முடிவுக்காக மட்டும் என்று எழுதுகிறவர் நினைத்துவிடுகிறார். உண்மையில் அந்த வீட்டுக்குள் இன்னும் கொஞ்ச நாள் இருக்கத்தான் வாசகர் வருகிறார். ஆகவே கடைசியாக ஒளிபரப்பான காட்சியிலிருந்தே தொடங்குங்கள். யார் எங்கே நின்றார், யாருக்கு எந்த ரகசியம் தெரியும், யாருக்குத் தெரியாது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். நினைவை மட்டும் நம்பாதீர்கள். நூற்றுக்கணக்கான அத்தியாயங்கள் ஓடிய கதையில் அக்காவுக்குத் தெரிந்த விஷயத்தைத் தங்கைக்குத் தெரிந்ததாக எழுதிவிட்டால், அதன் மேல் கட்டிய எல்லாம் சரிந்துவிடும். கடைசிப் பத்து அத்தியாயங்களையாவது திரும்பப் பார்த்துவிட்டே பேனாவைத் தொட வேண்டும்.

எனக்கு மிகவும் வலிப்பது பேச்சில் நேரும் தவறு. மதுரையில் நடக்கும் கதையில் மருமகள் மாமியாரை ‘அத்தை’ என்றே அழைத்து வந்தாள். எங்கள் கொப்பிகளில் மூன்றாம் பக்கத்திலேயே அது ‘மாமி’ ஆகிவிடுகிறது. ‘ஆமாம்’ என்றவள் ‘ஓம்’ என்கிறாள், தேநீர் கேட்டவர் தேத்தண்ணி கேட்கிறார். எங்கள் பேச்சில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணை அந்தப் பெண்ணாக வைத்திருந்தது அவளுடைய பேச்சுத்தான். அது போனால் அவள் பெயர் மட்டும் மிஞ்சும். இதற்குப் பயந்து சிலர் சென்னைப் பேச்சைச் சினிமாவில் கேட்டபடி அள்ளிப் போடுகிறார்கள், அதுவும் ஒட்டுவதில்லை. எழுதிய உரையாடலில் பெயர்களை மறைத்துவிட்டு வேறொருவரிடம் படிக்கக் கொடுங்கள். பேசுவது யார் என்று அவர் கண்டுபிடித்தால் சரி. கோபத்தில் யார் கத்துகிறார், யார் பேசாமல் பாத்திரம் கழுவப் போகிறார் என்பதும் பேச்சில் சேர்ந்ததுதான்.

கதையை எங்கள் ஊருக்குக் கொண்டுவரும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. அதைத் தடுக்க மாட்டேன், எனக்கும் அது பிடிக்கும். ஆனால் வருகிறவர்கள் உண்மையான திருகோணமலைக்கு வர வேண்டும். நிலாவெளிக் கரையில் நாயகனும் நாயகியும் கடலில் இறங்கும் சூரியனைப் பார்த்து நிற்கும் காட்சியைப் பலமுறை படித்துவிட்டேன். எங்கள் கடல் கிழக்கே இருக்கிறது, அங்கே சூரியன் எழும். தண்ணீர் மேல் விழும் மாலை வெயில்தான் வேண்டுமென்றால் அவர்களை உட்துறைமுகப் பக்கம் கூட்டிப் போங்கள். மார்கழியில் நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத் தீவுக்குப் படகேற்றாதீர்கள், அது வடகீழ்ப் பருவம், கடல் கொந்தளிக்கும். ஆடியில் வந்தால் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று முகத்தில் அடிப்பதை எழுதுங்கள். கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் கோட்டைக்குள் மான்களைக் கடந்துதான் போவார்கள். இப்படி ஒரு வரி இருந்தால் போதும், ஊர் தெரிந்துவிடும்.

இதில் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். வேண்டாத பாத்திரத்தை ஒழிக்க 2004 சுனாமியையோ போரையோ பயன்படுத்தாதீர்கள். இங்கே வாசிப்பவர்களில் அந்த அலையில் பிள்ளையைப் பறிகொடுத்தவர் இருப்பார். கதைக்கு உண்மையில் அது தேவையென்றால், அந்த இழப்போடு பல பக்கங்கள் தங்கியிருக்க ஆயத்தமாகுங்கள். முடியாதென்றால் அந்தப் பாத்திரத்தை வெளியூர் வேலைக்கு அனுப்பிவிடுங்கள்.

புதிதாக நுழையும் குறையற்ற பெண் இன்னொரு பழைய வியாதி. 1973இல் ஸ்டார் ட்ரெக் ரசிகரான பாலா ஸ்மித் இதைக் கேலி செய்து ஒரு சிறுகதை எழுதினார். அதன் நாயகி மேரி சூவின் பெயரே இப்படிப்பட்ட பாத்திரங்களுக்கு நிலைத்துவிட்டது. எங்கள் பக்கத்தில் அவள் லண்டனிலிருந்து வரும் டாக்டர். வந்த அன்றே எல்லோருடைய நோயையும் சண்டையையும் தீர்த்துவிடுகிறாள், பழைய நாயகிக்கு வேலையே இல்லாமல் போகிறது. புதியவள் வரட்டும், ஆனால் அவள் தோற்கும் இடம் ஒன்றாவது இருக்கட்டும்.

நடிகர்களின் சொந்த வாழ்க்கையைத் தொட வேண்டாம். பாத்திரம் கதைக்குரியது, நடித்தவரின் திருமணமும் விவாகரத்தும் அவருக்குரியவை.

பணம் வரும் இடத்தில் இன்னும் கவனம் வேண்டும். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒரு படைப்பைத் தழுவி எழுதும் உரிமையும் அதன் உரிமையாளருக்கே உண்டு. ‘விற்கவில்லையே’ என்பது முழுப் பாதுகாப்பு ஆகாது, விற்றால் ஆபத்து பல மடங்காகும். ஸ்டார் ட்ரெக்கை வைத்தே ‘ஆக்ஸனார்’ என்ற ரசிகர் படத்துக்குப் பத்து லட்சம் டொலருக்கு மேல் திரட்டினார்கள். 2015 டிசம்பரில் உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். அடுத்த ஆண்டு ரசிகர் படங்களுக்கு விதிகள் வந்தன: ஒரு பகுதிக்கு 15 நிமிடம், அதிகபட்சம் இரண்டு பகுதி, திரட்டும் பணம் 50,000 டொலருக்குள். அளவு மீறிய ஒரு முயற்சியால் மற்ற ரசிகர்களின் கையும் கட்டப்பட்டது. கதையின் முதல் பக்கத்தில் மூல நாடகத்தின் பெயரையும், இது ரசிகர் எழுதியது என்பதையும் தெளிவாகப் போடுங்கள். அச்சிட்டு விற்கும் எண்ணம் இருந்தால் முதலில் உரிமையாளரின் அனுமதியைக் கேளுங்கள்.

எழுதியதை ஒரே கைபேசியில் வைத்திருப்பதும் ஆபத்து. யாரும் இலவசமாகப் பக்கம் வைத்துக்கொள்ள இணையத்தில் இடம் கொடுத்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டபோது ரசிகர்கள் எழுதி வைத்த எத்தனையோ பக்கங்கள் அதோடு போயின. அச்செடுத்த ஒரு பிரதியை நண்பர் வீட்டில் வையுங்கள்.

எல்லாவற்றிலும் கொடியது, தொடர்ச்சியையும் பாதியில் நிறுத்துவது. ஒருமுறை கைவிடப்பட்ட வாசகரை நாமும் கைவிடுகிறோம். நாடகத்தைப் போல நூற்றுக்கணக்கான அத்தியாயம் எழுதத் திட்டமிடாதீர்கள், பன்னிரண்டு போதும். கடைசி அத்தியாயத்தின் குறிப்பை முதலில் எழுதி வையுங்கள். உடல்நலமோ வேலையோ இடையில் தடுத்தால், அந்தக் குறிப்போடு கொப்பியை இன்னொருவரிடம் கொடுத்து, தொடரலாம் என்று உங்கள் கைப்பட எழுதிக் கொடுங்கள்.