வண்டிக்கு எத்தனை பேர்னு முதல்ல கேளுங்க

நான் பிறந்தது கடலூர் திருப்பாப்புலியூரில். ஊர்ப் பெயரிலேயே புலி உண்டு. ஆப்பிரிக்காவில், போட்ஸ்வானாவில் எங்கள் சஃபாரி வழிகாட்டியிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். "எங்க கண்டத்துக் காட்டுல புலியே கிடையாதே" என்று சிரித்தார். மின்வாரியத்தில் 31 வருஷம் கம்பம் ஏறி இறங்கி ஓய்வு பெற்றவன் நான். போன ஜூலையில் நானும் வீட்டுக்காரம்மாவும் 18 பேர் கொண்ட குழுவோடு ஜிம்பாப்வே பக்கம் விக்டோரியா அருவி, போட்ஸ்வானாவில் சோபே காடு, ஒக்கவாங்கோ ஆற்றுச் சதுப்பு என்று காட்டு விலங்கு பார்க்கச் சுற்றிவிட்டு வந்தோம். அன்றிலிருந்து மஞ்சக்குப்பம் மைதானத்தில் நடக்கப் போனாலே "சார், எவ்வளவு ஆச்சு?" என்று கேட்கிறார்கள். அதைக் கடைசியாகக் கேட்டுக்கொள்ளலாம்.

முதலில் ஏஜென்டிடம் கேட்க வேண்டியது, ஒரு வண்டியில் எத்தனை பேர் என்பதுதான். விளம்பரத்தில் கட்டிலையும் நீச்சல் குளத்தையும் காட்டுவார்கள். யானையை நாம் கட்டிலில் இருந்தா பார்க்கப் போகிறோம்? திறந்த லேண்ட் குரூசரில் பின்னால் மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று இருக்கை, சினிமா கொட்டகை மாதிரி பின்னால் போகப் போக உயரம். ஒன்பது பேரை ஏற்றினால் நடுவில் மாட்டுகிற மூன்று பேருக்குப் பக்கத்து ஆளின் தொப்பிதான் தரிசனம். எங்களிடம் "ஆறு பேர்தான் சார்" என்று வாயால் சொன்னார்கள். அங்கே போனால் ஒன்பது. முதல் நாள் சாயங்காலமே குழுவுக்குள் முகம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்புறம் சீட்டு எழுதிப் போட்டு, தினமும் இடம் மாற்றிக்கொண்டோம். ஆறு பேர் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பின்வரிசையில் பார்வை நன்றாக இருக்கும், ஆனால் இடுப்பு கழன்றுவிடும். மூட்டுவலிக்காரர்கள் முன்வரிசையைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, எந்தக் காடு என்று பாருங்கள். சோபே மாதிரி தேசியப் பூங்காவில் பாதையை விட்டு வண்டி இறங்கக் கூடாது, இரவு சவாரியும் இல்லை. இரண்டும் வேண்டுமென்றால் பூங்காவை ஒட்டிய தனியார் குத்தகைக் காட்டில் ஒரு இரவாவது தங்கும்படி திட்டம் இருக்க வேண்டும். விலை கூடத்தான்.

மாதம்: மே முதல் அக்டோபர் வரை. மழையில்லாத காலம், குட்டைகள் வற்றி, எல்லா விலங்கும் ஆற்றுக்கே வந்தாக வேண்டும். ஒக்கவாங்கோ கதை மட்டும் தலைகீழ். அங்கோலா மலையில் பெய்த மழை மாதக்கணக்கில் நகர்ந்து, ஜூன், ஜூலை வறட்சியில்தான் இங்கே வெள்ளமாக நிற்கும். சாத்தனூர் அணை திறந்தால் மழையே இல்லாமல் நம்ம பெண்ணையாற்றில் தண்ணீர் வருவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஒரே வித்தியாசம், ஒக்கவாங்கோ ஆறு கடலுக்குப் போகாது. கலஹாரி மணலிலேயே முடிந்துவிடும்.

காகிதங்கள். ஜிம்பாப்வேயிலிருந்து போட்ஸ்வானா போய்த் திரும்பும் திட்டமென்றால், ஜிம்பாப்வேக்கு இரண்டு முறை நுழையும் விசாவாகக் கேளுங்கள். பாஸ்போர்ட்டில் வெற்றுப் பக்கங்கள் நிறைய இருக்கட்டும். விமானம் அடிஸ் அபாபா, நைரோபி வழியாகப் போனால் மஞ்சள் காய்ச்சல் ஊசி அட்டை கேட்கலாம். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லும், கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். மலேரியா மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, திரும்பி வந்த பிறகும் சொன்ன நாள்வரை விழுங்குங்கள்.

ஒக்கவாங்கோவுக்குள் சின்ன விமானத்தில் போக வேண்டும். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி அதற்குள் நுழையாது. துணிப்பைதான், எங்களுக்குக் கைப்பையோடு சேர்த்து 20 கிலோ. பச்சைப் புள்ளி போட்ட ராணுவத் துணியை எடுத்துப் போகாதீர்கள், அந்த நாடுகளில் பொதுமக்கள் அதை உடுத்தக் கூடாது. ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து கம்பளியை விட்டுவிட்டேன். ஜூலை விடியற்காலை 10 டிகிரிக்கும் கீழே, திறந்த வண்டியில் எதிர்காற்று. வீட்டுக்காரம்மாவின் மங்கி கேப்பைத்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

என் தொழில் சமாச்சாரம் ஒன்று. போட்ஸ்வானாவிலும் புழங்கும் தென்னாப்பிரிக்காவின் பெரிய மூன்று உருண்டைப் பின், நம்ம வீட்டில் ஏசிக்கும் கீசருக்கும் போடுகிற 15 ஆம்ஸ் பின்தான். விமான நிலையத்தில் காசைக் கொட்டி அடாப்டர் வாங்க வேண்டாம். சில இடங்களில் பிரிட்டிஷ் சதுரப் பின்னும் உண்டு, அதற்கும் ஒன்று போதும். முகாம்களில் சோலார் மின்சாரம், இஸ்திரிப் பெட்டியை எடுத்துப் போய் மானத்தை வாங்காதீர்கள்.

காட்டுக்குள் விதி ஒன்றுதான்: எழுந்திருக்கக் கூடாது. உட்கார்ந்திருக்கும் வரை வண்டியும் நாமும் விலங்குக்கு ஒரே உருவம். எழுந்தால் மனிதன் தெரிந்துவிடுவான். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு யானை என்றால் புதுச்சேரி மணக்குள விநாயகர் கோவில் லட்சுமிதான். 2022-ல் இறந்துபோனது, பாவம். அந்தப் பழக்கத்தில் எங்கள் வண்டியில் ஒருத்தர் கையை நீட்டப் போனார். வழிகாட்டி சத்தமே போடாமல் அவர் மணிக்கட்டைப் பிடித்து மடியில் வைத்தார். பத்தடி தூரத்தில் ஒரு பெண் யானை. புல்லைப் பிடுங்கி, முன்காலில் இரண்டு தட்டுத் தட்டி, மண்ணை உதறிவிட்டு வாயில் வைத்தது. "என்னங்க, கீரை ஆயுற மாதிரியே இருக்கு" என்று வீட்டுக்காரம்மா என் காதோடு சொன்னாள். போட்ஸ்வானாவில் மட்டும் சுமார் 1,30,000 யானைகள். அது காதை விரித்துத் தலையை ஆட்டினால் எச்சரிக்கை, வாயை மூடிக்கொண்டு வழிகாட்டியைப் பாருங்கள்.

படகு சவாரியைச் சாயங்காலத்துக்கு வைக்கச் சொல்லுங்கள். சோபே ஆற்றின் நடுவில் செடுடு தீவு. அதற்காக நமீபியாவும் போட்ஸ்வானாவும் சர்வதேச நீதிமன்றம்வரை போய், 1999-ல் போட்ஸ்வானாவுக்குத் தீர்ப்பானது. யானைகள் அதைப் பற்றிக் கவலைப்படாமல் துதிக்கையை மேலே தூக்கிக்கொண்டு நீந்திப் போகின்றன. படகு ஆடும் என்பதால் பைனாகுலர் 8 மடங்குக்கு மேல் பெரிதாக்குவது வேண்டாம். ஊசுட்டேரியில் பார்க்கிற அதே கறுப்பு வெள்ளை மீன்கொத்தி அங்கேயும் தண்ணீருக்கு மேலே இறக்கையடித்து நின்றது, சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

மொகோரோ என்கிற ஒல்லித் தோணியில் இரண்டு பேரும் கோல் ஊன்றுகிறவரும்தான். நீர்மட்டத்துக்கு ஒரு சாண் உயரத்தில் அசையாமல் உட்கார வேண்டும். பயமிருந்தால் முன்னாடியே பிச்சாவரம் போய்ப் படகில் ஒரு மணி நேரம் இருந்து பாருங்கள்.

சைவம் என்றால் முன்பதிவிலேயே சொல்லிவிடுங்கள். மக்காச்சோள மாவில் கிளறிய பாப், நம்ம களிதான். சக்கலக்கா என்று காரமான காய்கறிக் கூட்டு தருவார்கள், ஊறுகாய் தேவைப்படவில்லை. கோமாரி நோய்த் தடுப்புச் சாவடிகளில் இறைச்சி, பால் எதையும் விடமாட்டார்கள், செருப்பைக்கூட மருந்துத் தண்ணீரில் மிதிக்கச் சொல்வார்கள். பருப்புப்பொடி தப்பித்தது.

பெண்கள் வழியில் ஒதுங்க வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். வழிகாட்டியிடம் சொன்னால் இடம் பார்த்து, முதலில் தானே சுற்றி வந்து சோதித்துவிட்டு நிறுத்துவார். அவரைப் பார்த்ததும் "டுமேலா ரா" என்று சொல்லுங்கள், பெண்ணாக இருந்தால் "டுமேலா மா". நம்ம வணக்கம் ஐயா, வணக்கம் அம்மாதான். கடைசி நாள் குழுவாகச் சேர்த்து உறையில் போட்டு வழிகாட்டிக்குத் தனியாக, முகாம் ஆட்களுக்குத் தனியாகக் கொடுங்கள். டாலர் நோட்டில் பேனாக் கோடு இருந்தால் வாங்கமாட்டார்கள். எங்கள் உறையில் இருந்த ஒரு 20 டாலரை நாங்களே மாற்றி வைக்க வேண்டியதாயிற்று.