ரிப்போர்ட் எல்லாம் நார்மல், வயிறு மட்டும் சரியில்லை

ஸ்கேனில் ஒன்றும் இல்லை, ரத்தப் பரிசோதனையும் சரி, கொலனோஸ்கோபியும் சரி. ஆனால் வயிறு முறுக்கி வலிப்பது நிற்கவில்லை. மலம் கழித்தால் கொஞ்சம் அடங்கும், அப்புறம் மறுபடி ஆரம்பிக்கும். சிலருக்குப் பேதி, சிலருக்கு மலச்சிக்கல், சிலருக்கு இரண்டும் மாறி மாறி. டாக்டர்கள் ஐபிஎஸ் (IBS, Irritable Bowel Syndrome, அதாவது குடல் எரிச்சல் நோய்) என்று சொல்வது இதைத்தான்.

இதில் பெரிய தவறு, 'ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை, எல்லாம் மனசுதான்' என்று முடிவு கட்டுவது. வீட்டில் இருப்பவர்கள் சொல்கிறார்கள், சில டாக்டர்களும் சொல்கிறார்கள். ஐபிஎஸ்ஸில் குடல் பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். கோளாறு அது இயங்கும் விதத்திலும், குடலுக்கும் மூளைக்கும் இடையே நடக்கும் நரம்புப் பேச்சிலும் இருக்கிறது. மற்றவர்களுக்குத் தெரியவே தெரியாத அளவு வாயுகூட இவர்களுக்கு வலியாக வந்து நிற்கும். கவலையும் தூக்கமின்மையும் அதை இன்னும் கூட்டும், உண்மைதான். ஆனால் தொடக்கம் எப்போதும் மனதில் இல்லை. கெட்டுப்போன சாப்பாட்டால் வந்த கடும் வயிற்றுப்போக்கு சரியான பிறகு, ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு ஐபிஎஸ் ஒட்டிக்கொள்கிறது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: டாக்டரைப் பார்க்காமலே 'எனக்கு ஐபிஎஸ்' என்று தானே பெயர் சூட்டிக்கொள்வது. ரத்தம் கலந்த மலம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் பேதி, ஐம்பதை நெருங்கும் வயதில் புதிதாகத் தொடங்கும் தொந்தரவு, குடும்பத்தில் குடல் புற்றுநோய் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே பரிசோதனை வேண்டும். நம் நாட்டில் குடல் காசநோயையும் மறக்கக்கூடாது.

சாப்பாட்டு விஷயத்தில்தான் குழப்பம் அதிகம். முதல் வேலையாகக் காரத்தைக் குறைப்பார்கள். மிளகாய் சிலருக்கு ஒத்துக்கொள்ளாதுதான். ஆனால் அதே சாம்பாரில் சின்ன வெங்காயமும் பூண்டும் கை நிறையப் போகும், அதை யாரும் சந்தேகப்படுவதில்லை. இவற்றிலும் கோதுமையிலும் உள்ள ஃப்ரக்டான் என்ற மாவுச்சத்தை நம் சிறுகுடல் உறிஞ்சுவதில்லை. அது பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்களால் நொதித்து வாயுவாகிறது. கொண்டைக்கடலை, ராஜ்மா போன்றவற்றில் உள்ள இன்னொரு வகைச் சர்க்கரையும் இதையே செய்யும். வெங்காயத்தைக் குழம்பில் போட்டு வேகவைத்து, சாப்பிடும்போது ஓரமாக ஒதுக்குவதில் பயனில்லை. ஃப்ரக்டான் தண்ணீரில் கரைந்து குழம்போடு கலந்திருக்கும். எண்ணெயில் அது கரையாது. அதனால் பூண்டை முழுப் பல்லாக எண்ணெயில் வறுத்து எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளித்தால் மணம் கிடைக்கும், தொந்தரவு வராது.

இந்த வகை உணவுகளைக் குறைக்கும் 'லோ ஃபாட்மேப்' (Low FODMAP) முறையை மெல்போர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வகுத்தார்கள். அதன் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு போகிறவர்கள்தான் இங்கே சிக்கிக்கொள்கிறார்கள். விலக்கி வைப்பது இரண்டிலிருந்து ஆறு வாரம் வரைதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வகையாகத் திரும்பச் சேர்த்து, உங்களுக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை, எவ்வளவு வரை தாங்கும் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதைச் செய்யாமல் வருடக்கணக்கில் ரசமும் தயிர்சாதமுமாக ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். சத்து குறையும் என்பது ஒருபுறம். பால் சர்க்கரை ஒத்துக்கொள்ளாதவருக்கு அந்தத் தயிரே, பூண்டு ஒத்துக்கொள்ளாதவருக்கு அதைத் தட்டிப்போட்ட அந்த ரசமே காரணமாகவும் இருக்கலாம்! உணவியல் நிபுணர் ஒருவரின் துணையோடு இதைச் செய்வது நல்லது.

மலச்சிக்கலுக்கு நார்ச்சத்து என்று கோதுமைத் தவிட்டை அள்ளிப் போட்டுக்கொண்டால் உப்புசம்தான் கூடும். இசப்கோல் பெரும்பாலானவர்களுக்கு ஒத்துப்போகும். குறைந்த அளவில் தொடங்கி, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும்.

ஒவ்வொரு முறை வயிற்றால் போகும்போதும் மெடிக்கலில் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்குவதை நிறுத்துங்கள். கிருமித் தொற்று இல்லாத இடத்தில் அது குடலின் நல்ல பாக்டீரியாக்களைத்தான் குலைக்கும். அதே சமயம், டாக்டர் எழுதிய அமிட்ரிப்டிலின் மாத்திரையை 'இது மனநோய் மாத்திரையாமே' என்று பயந்து தூக்கிப் போடுபவர்களும் உண்டு. ஐபிஎஸ்ஸுக்குக் கொடுப்பது மன அழுத்தத்துக்குக் கொடுப்பதைவிட மிகக் குறைந்த அளவு, குடல் நரம்புகளின் வலியைத் தணிப்பதற்காக. இங்கிலாந்தில் நடந்து 2023-இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் அது நல்ல பலன் தந்தது. தூக்கக் கலக்கமும் வாய் உலர்வதும் வரலாம். வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களே நிறுத்திவிடாதீர்கள்.

கடைசியாக, உறவினர்களுக்கு. பஸ் பயணத்துக்கு முன் ஒருவர் சாப்பிட மறுத்தால் அது வீம்பு இல்லை, வழியில் கழிப்பறை கிடைக்குமா என்ற பயம். கல்யாணப் பந்தியில் 'ஒரு கரண்டிதானே' என்று இலையில் சாம்பாரை ஊற்றிவிட்டு நகர்ந்துவிடுவீர்கள். அன்று ராத்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பது அவர்.