ஆக்சிடென்ட் ஆச்சுன்னா ஏ.ஆர்.ல இன்னா எழுதுறாங்கன்னு முதல்ல பாருங்க

நம்ம வேலூர் பக்கம் யாருக்காவது ஆக்சிடென்ட்னா எந்த வக்கீல்கிட்ட போலாம், நஷ்டஈடு எவ்ளோ வரும்னு தான் எல்லாரும் கேக்குறாங்க. ஆனா கேஸ் நிக்குதா படுக்குதான்றது அதுக்கு ரொம்ப முன்னாடியே, கேஷுவாலிட்டில ட்யூட்டி டாக்டர் எழுதுற நாலு வரில பாதி முடிஞ்சிடுது. அதுதான் ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர், ஏ.ஆர். காப்பின்னு சொல்லுவாங்க. அடுக்கம்பாறை ஜிஎச்சோ சிஎம்சியோ தனியார் ஆஸ்பத்திரியோ, எங்க போனாலும் எப்போ, எங்க, எப்படி அடிபட்டுச்சுன்னு கேட்டு எழுதுவாங்க. கூட்டினு போன ஆளு பதட்டத்துல "பைக்ல இருந்து விழுந்துட்டாரு சார்"னு சொல்லிட்டா தானா விழுந்தார்னு ஏறிடும், அப்பால கோர்ட்ல இன்சூரன்ஸ் வக்கீல் முதல்ல தூக்கி காட்டுறது அந்த வரியத்தான், லாரி இடிக்கவே இல்ல நீயே விழுந்துட்டு இப்ப லாரி நம்பர் சேத்துனு வர்றேன்னு. சில பேரு போலீஸ் கேஸ்னா ட்ரீட்மென்ட் லேட் ஆகும்னு பயந்து வேணும்னே வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்றாங்க, அதை மட்டும் பண்ணாதீங்க. பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி, இத்தன மணிக்கு, பின்னாடி வந்த லாரி இடிச்சதுன்னு உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. நம்பர் தெரியலன்னா தெரியாதுன்னே சொல்லுங்க, கற்பனை பண்ணி சொன்னா அதுவும் மாட்டிவிடும்.

கூட்டினு போற ஆளு யாரோ ரோட்ல போனவரா இருந்தா அவரு பயப்பட தேவையில்ல. மோட்டார் வாகன சட்டம் 134ஏ பிரிவு அவருக்கு பாதுகாப்பு, பேரு அட்ரஸ் சொல்லியே ஆகணும்னு போலீஸும் ஆஸ்பத்திரியும் கட்டாயப்படுத்த கூடாது.

காசுக்கு பயந்து ஆஸ்பத்திரி போறத தள்ளிப்போடாதீங்க. 108க்கு போன் பண்ணுங்க, பெங்களூர் ஹைவேன்னா 1033யும் இருக்கு. தமிழ்நாடு அரசோட இன்னுயிர் காப்போம் நம்மை காக்கும் 48 திட்டம் 2021 டிசம்பர்ல இருந்து ஓடுது, லிஸ்ட்ல இருக்குற ஆஸ்பத்திரில முதல் 48 மணி நேரம் ஃப்ரீ, அடிபட்டவரு ஆந்திராக்காரரா இருந்தாலும் சரி. 2025 மே மாசத்துல இருந்து சென்ட்ரல் கவர்ன்மென்ட் திட்டம் ஒண்ணும் இருக்கு, 7 நாளைக்கு 1.5 லட்சம் வரைக்கும்.

அடுத்து எஃப்.ஐ.ஆர். புகாரை எந்த ஸ்டேஷன்லயும் குடுக்கலாம், ஆனா விசாரிக்கிறது சம்பவம் நடந்த லிமிட்டு ஸ்டேஷன்தான், அதனால நேரா அங்க போறது நல்லது. 2019ல வேலூர் மாவட்டத்தை மூணா பிரிச்சதுல ஆம்பூர்ல நடந்தா திருப்பத்தூர் மாவட்டம், வாலாஜா கிட்ட நடந்தா ராணிப்பேட்டை, இது புரியாம ஸ்டேஷன் ஸ்டேஷனா சுத்துறவங்க நெறைய பேரு. ஆனா நஷ்டஈடு கேஸ் அங்கயே போடணும்னு இல்ல, நீங்க குடியிருக்குற இடத்துலயும் போடலாம், குடியாத்தத்துக்காரர் ஆம்பூர்ல அடிபட்டாலும் வேலூர் மாவட்டத்துலயே எம்.சி.ஓ.பி., அதாவது நஷ்டஈடு மனு, போட்டுக்கலாம். சி.எஸ்.ஆர்.னு புகார் வாங்கினதுக்கு ஒரு ரசீது குடுத்து அனுப்பினா அது எஃப்.ஐ.ஆர். இல்ல, அதை நம்பி வீட்ல உக்காராதீங்க. புகார்ல சொல்றதும் ஏ.ஆர்.ல இருக்குறதும் ஒத்துப்போகணும், இடம், டைம், யாரு ஓட்டினாங்க எல்லாமே. அப்பால மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட், ஸ்கெட்ச், மகஜர் (சம்பவ இடத்தை பாத்து போலீஸ் எழுதுறது), சார்ஜ் ஷீட் எல்லாத்துக்கும் காப்பி வாங்கி வச்சுக்குங்க. 2022 ரூல்படி ஸ்டேஷன்ல இருந்தே ட்ரிப்யூனலுக்கு, அதாவது நஷ்டஈடு கேஸ் நடக்குற கோர்ட்டுக்கு, ரிப்போர்ட் போகணும், போகும்னு நம்புங்க, ஆனா உங்க ஃபைல் உங்க கையில இருக்கட்டும். இடிச்ச வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கான்னு எம்பரிவாஹன் ஆப்லயே பாத்துடலாம்.

நஷ்டஈடுக்கு மோட்டார் வாகன சட்டம் 166ம் பிரிவுல ஆக்சிடென்ட் நடந்த தேதில இருந்து 6 மாசத்துக்குள்ள மனு போடணும்னு 2022 ஏப்ரல்ல இருந்து இருக்கு. கட்டு பிரிக்கட்டும் பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, ட்ரீட்மென்ட் நடக்கும்போதே போட்டுடலாம்.

தொகை எப்படி வருதுன்னு தெரிஞ்சா யாரும் உங்களை ஏமாத்த முடியாது. ராணிப்பேட்டை ஷூ கம்பெனில தைக்கிற 32 வயசு ஆளு, மாசம் 15,000 சம்பளம், காலு போச்சு, சம்பாதிக்கிற தெம்பு 20% குறைஞ்சதுன்னு கோர்ட் ஏத்துக்குதுன்னு வைங்க. 40 வயசுக்கு கீழ எதிர்கால வருமானத்துக்கு 40% சேத்தா 21,000, அதை 12ஆல பெருக்கி, அந்த வயசுக்குன்னு கோர்ட் வச்சிருக்குற பெருக்கு எண் 16ஆல பெருக்கி, அதுல 20% எடுத்தா 8,06,400 ரூபா. இது வருமான இழப்பு மட்டும், மருந்து பில், வலி வேதனை, கூட இருந்து பாத்துக்கிட்டவங்க செலவு, ஆட்டோ செலவு எல்லாம் தனி. இதுல மெடிக்கல் போர்டு குடுக்குற ஊன பர்சன்டேஜும் கோர்ட் எடுத்துக்குற பர்சன்டேஜும் ஒண்ணா இருக்காது, ஏன்னா சுப்ரீம் கோர்ட் 2010லயே சொல்லிடுச்சு, கை போனா டிரைவருக்கு பொழப்பே போகும், ஆபீஸ் கிளார்க்குக்கு அப்படி இல்லன்னு. அதனால உங்க வேலை இன்னா, அதை ஏன் இப்ப செய்ய முடியலன்றதை நிரூபிக்கணும், பி.எஃப். ஸ்லிப்போ பீடி சுத்துறவங்கன்னா பீடி கார்டோ வேணும். சம்பளமே இல்லாத வீட்டம்மாவுக்கும் கோர்ட் ஒரு வருமானம் போட்டு கணக்கு பண்ணும், அவங்களுக்கு ஒண்ணும் வராதுன்னு சொல்றவன் பேச்ச கேக்காதீங்க.

ஹெல்மெட் போடாம தலையில அடின்னா உங்க பக்கமும் தப்புன்னு ஒரு பர்சன்டேஜ் வெட்டலாம், ட்ரிபுள்ஸ், தண்ணி போட்டு ஓட்டுறது எல்லாம் அதே கதைதான். ஹெல்மெட்டுக்கு 1,000 ரூபா ஃபைன் கட்டுறது பெருசில்ல, எட்டு லட்சத்துல 15% போறது தான் வலிக்கும்.

ஆஸ்பத்திரி வார்டுலயே வந்து "நாங்க எல்லாம் பாத்துக்கிறோம்"னு வெறும் பேப்பர்ல கையெழுத்து கேக்குற புரோக்கருங்க கிட்ட ஒரு எழுத்து கூட போடாதீங்க. வர்ற தொகைல இத்தனை பர்சன்ட்னு வக்கீல் ஃபீஸ் பேசுறதே பார் கவுன்சில் ரூல்படி தப்பு. சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்துல மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, பொம்பளைங்க, எஸ்.சி., எஸ்.டி. மக்கள், மாற்றுத்திறனாளிங்களுக்கு வருமானம் பாக்காம வக்கீல் ஃப்ரீ. ரெண்டு பக்கமும் சமரசம் பேசி முடிக்கிற லோக் அதாலத்ல சீக்கிரம் முடியும், ஆனா அங்க ஒத்துக்கிட்டா அப்பீல் கிடையாது, அதனால மேல சொன்ன கணக்கை ஒரு தடவை போட்டு பாத்துட்டு தலையாட்டுங்க.

இடிச்ச வண்டி எதுன்னே கண்டுபிடிக்க முடியலன்னா தாசில்தார், கோட்டாட்சியர் ஆபீஸ் பக்கம் மனு குடுக்கணும், உயிர் போயிருந்தா 2 லட்சம், பெரிய காயம்னா 50,000 கலெக்டர் ஆர்டர் போடுவாரு. அப்பால வண்டி கிடைச்சு கேஸ் ஜெயிச்சா இந்த தொகையை கழிச்சுட்டு தான் மீதி வரும்.