கஞ்சா வழக்கு: முதல் சில நாட்களில் குடும்பங்கள் செய்யும் தவறுகள்

“பையனைக் கஞ்சா கேஸ்ல பிடிச்சுட்டாங்க” என்று போன் வந்ததும் பல வீடுகளில் முதலில் தேடுவது வக்கீலை அல்ல, ஸ்டேஷனில் யாருக்காவது ஆள் தெரியுமா என்றுதான். அந்த அலைச்சலில் ஓரிரு நாள் ஓடிவிடும். அதற்குள் மகஜர் (பறிமுதல் விவரம் எழுதும் காகிதம்), ரிமாண்ட் மனு எல்லாம் எழுதி முடிந்து, ஆள் சிறைக்குள் இருப்பார். என்.டி.பி.எஸ். எனப்படும் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் வழக்கு நிற்குமா நிற்காதா என்பதைப் பெரும்பாலும் அந்த முதல் நாள் காகிதங்களே முடிவு செய்கின்றன. ஆகவே முதல் வேலை எஃப்.ஐ.ஆர். நகலைக் கையில் வாங்குவது.

அதில் முதலில் பார்க்க வேண்டியது எடை. கஞ்சா என்றால் 1 கிலோவுக்குள் இருப்பது சிறிய அளவு: ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு: குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு. இடைப்பட்டதற்கு 10 ஆண்டு வரை. ஹெராயினுக்கு இந்தக் கோடுகள் 5 கிராம், 250 கிராம். மெத்தாம்பெட்டமைனுக்கு 2 கிராம், 50 கிராம். வணிக அளவு என்றால் 37-ஆவது பிரிவு குறுக்கே வரும்: இவர் குற்றவாளி அல்ல என்று நம்பக் காரணம் இருப்பதாக நீதிபதிக்கே தோன்றினால்தான் ஜாமீன். எடையைச் சொல்லாமல் “ஜாமீன் கிடைக்குமா சார்?” என்று கேட்டால் எந்த வக்கீலாலும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது.

எடையை அப்படியே ஒப்புக்கொள்வதும் தவறு. சட்டத்தின் பார்வையில் கஞ்சா என்பது செடியின் பூ, காய் உள்ள நுனிப்பகுதி. அது சேராத வெறும் இலையும் விதையும் கஞ்சா ஆகாது. 21 கிலோ மூட்டையில் இலை, தண்டு எவ்வளவு என்று கேட்க இடம் உண்டு. ஆனால் ஹெராயின் போன்றவற்றில் கலப்படப் பொருளின் எடையும் சேர்த்தே கணக்கு என்று 2020-இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே இந்த வாதம் எடுபடாது.

“வாக்குமூலம் கொடுத்துட்டான், இனி என்ன செய்ய?” என்று கைகழுவுகிறவர்களும் உண்டு. அதிகாரியிடம் 67-ஆவது பிரிவின் கீழ் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான சாட்சியமாகக் கொள்ள முடியாது என்பது 2020-இல் வந்த தீர்ப்பு. அதுவும் நம்மூரிலிருந்து போன வழக்கு, தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு. மறுபக்கம், 50-ஆவது பிரிவை மந்திரம் போல நம்புவதும் ஆபத்து. கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதனையிடக் கேட்கும் உரிமை உடல் சோதனைக்குத்தான்; பையில் கிடைத்த பொருளுக்குப் பொருந்தாது. எங்கே கிடைத்தது என்று கேட்காமலேயே “பிரிவு 50, கேஸ் க்ளோஸ்” என்று சொல்லும் வக்கீலிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

என் கணக்கில் எல்லாவற்றையும்விடப் பெரிய நஷ்டம் தேதியைத் தவற விடுவது. வணிக அளவு வழக்கில் 180 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். அரசு வழக்கறிஞரின் அறிக்கையின் பேரில் நீதிமன்றம் அதை ஓராண்டு வரை நீட்டிக்கலாம். சிறிய, இடைப்பட்ட அளவுகளுக்குப் பொதுவாக 60 நாள். கெடு முடிந்தால் ஸ்டாச்சுட்டரி பெயில் (குற்றப்பத்திரிகை தாமதமானதற்காகச் சட்டமே தரும் ஜாமீன்) உரிமை பிறக்கும், ஆனால் தானாக வராது. குற்றப்பத்திரிகை வந்து சேர்வதற்குள் மனு போட்டாக வேண்டும். ஒரு நாள் தூங்கினாலும் போச்சு.

வக்கீலைத் தேடும்போது, பத்திரம் எழுதித் தரும் குடும்ப வக்கீலே போதும் என்று இருந்துவிட வேண்டாம். பொருள் கையில் இருந்தது என்று அரசுத் தரப்பு காட்டிவிட்டால், தெரியாமல் இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு இந்தச் சட்டத்தில் நம் தலையில் விழும். சென்னை, மதுரை, கோவை போன்ற இடங்களின் சிறப்பு நீதிமன்றங்களில் தொடர்ந்து இந்த வழக்குகளையே நடத்துபவர் வேண்டும். இ-கோர்ட்ஸ் தளத்தில் வக்கீல் பெயரைப் போட்டால் அவருடைய வழக்குகளைப் பார்க்கலாம். “ஜாமீனுக்கு நான் கேரண்டி” என்பவரையும், விடுதலையானால் இவ்வளவு என்று பேரம் பேசுபவரையும் தவிர்த்துவிடுங்கள். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதை பார் கவுன்சில் விதிகளே தடை செய்கின்றன.

சிறிய அளவு வழக்கில் “ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடலாம்” என்ற யோசனை வரும். அதுவும் தண்டனைதான். அரசு வேலைக்கான சரிபார்ப்பில் நிற்கும். மறுபடி சிக்கினால் 31-ஆவது பிரிவின்படி அதிகபட்சத் தண்டனை ஒன்றரை மடங்காகும். போதைக்கு அடிமையானவர் என்றால் தானாக முன்வந்து சிகிச்சை பெற 64ஏ பிரிவு வழி வைத்திருக்கிறது, அதை வக்கீலிடம் கேளுங்கள்.

பணம் இல்லையென்று யாரும் வக்கீல் இல்லாமல் நிற்க வேண்டியதில்லை. காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி உரிமை. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம், 15100-க்கு போன் செய்யலாம், சிறைக்குள் இருப்பவர் அங்கிருந்தே மனு கொடுக்கலாம்.